ஹீட் பம்ப் வெந்நீருக்கு மானியம் உண்டா? பழைய வளவு வீட்டுக்கு எந்த அளவு, எங்கே வைப்பது?

வளவுவீடு எழுதியது:

வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்தில் பழைய வளவு வீடு, அதாவது நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய செட்டிநாட்டு வீடு. முன்தெருவில் முகப்பு, பின்தெருவில் பின்கட்டு, இடையில் கிட்டத்தட்ட 150 அடி. தினமும் இருப்பது 6 பேர். குளியலறை மொத்தம் 5. முகப்பை ஒட்டி 1, மற்ற 4-ம் இரண்டாங்கட்டுக்குப் பின்னால், அடுப்படிப் பக்கம். இப்போது 2 குளியலறையில் கேஸ் கீசர், பின்கட்டில் ஒரு விறகு பாய்லர். சாந்தி, கல்யாணம் என்றால் 40 பேர் வரை இரவு தங்குவார்கள்.

ஈபி கணக்கு சிங்கிள் பேஸ், இரண்டு மாதத்துக்குச் சராசரி 380 யூனிட். இணைப்பு இன்னும் ஐயா பேரில்தான் இருக்கிறது. தண்ணீர் போர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

கேஸ், விறகு இரண்டையும் விட்டுவிட்டு, காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மின்கருவியான ஹீட் பம்புக்கு மாற நினைக்கிறோம். லண்டனில் இருக்கும் தம்பி, அங்கே பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைத்தால் அரசு 7,500 பவுண்டு தருகிறது என்கிறான். இங்கே விலை கேட்ட இடத்தில் “500 லிட்டர் போடுங்கள், 30 சதவீதம் மத்திய அரசு மானியம் வாங்கித் தருகிறோம்” என்றார்கள். கேள்விகள்: அப்படி ஒரு மானியம் உண்டா? 500 லிட்டர் தேவையா? இந்த மாதிரி வீட்டில் எங்கே வைப்பது, எதில் கோளாறு வரும்?


கோட்டையூர் மின்வழி எழுதியது:

மானியத்தை மட்டும் நான் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

வீட்டு வெந்நீருக்கு ஹீட் பம்ப் வாங்க 30 சதவீத மத்திய மானியம் என்று எதுவும் இல்லை. முன்பு சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசின் மூலதன மானியம் இருந்தது, அதுவும் 2014-ல் நின்றுவிட்டது. அந்தப் பழைய பேச்சுதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. “மானியம் கழித்து இவ்வளவு” என்று யாராவது விலை கொடுத்தால், எந்தத் திட்டம், பணம் யார் கணக்குக்கு வரும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

தம்பி சொல்வது சரிதான். அது பாய்லர் அப்கிரேட் ஸ்கீம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். பதிவு பெற்ற பொருத்துநரே விண்ணப்பித்து 7,500 பவுண்டை பில்லில் கழித்துக்கொள்வார். ஆனால் அது வீட்டையே சூடாக்கும் ஹீட் பம்புக்கு. குளிர்காலம் முழுக்க அறைகளைச் சூடாக்கும் வேலையும் வெந்நீரும் சேர்த்து அந்த ஒரே கருவி செய்ய வேண்டும், எரிவாயு, எண்ணெய் போன்றவற்றில் ஓடும் பழைய ஏற்பாட்டை அது மாற்ற வேண்டும். வெந்நீருக்கு மட்டும் ஒன்று வைத்தால் அங்கேயும் அந்தப் பணம் கிடையாது. அமெரிக்காவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் வருமான வரிக் கழிவு இருந்தது. 2025 டிசம்பர் 31-க்குப் பின் பொருத்தியதற்கு அதுவும் இல்லை. உங்களிடம் சொன்ன “30 சதவீதம்” அங்கிருந்து காதில் விழுந்ததாகக்கூட இருக்கலாம்.

நம் ஊரில் உண்மையாகக் கிடைக்கும் பணம், ஹீட் பம்ப் குடிக்கும் கரண்டுக்கு. 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டம். கூரை சோலாரில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய், அவ்வளவுதான். 5 கிலோவாட் வைத்தாலும் 78,000-ஐத் தாண்டாது. திட்டம் 2026-27 நிதியாண்டு வரை என்று அறிவிக்கப்பட்டது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. விலைப்புள்ளியில் பழைய விகிதம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்த மானியம் தவறிப்போவது மூன்று இடத்தில்.

முதலாவது பெயர். இணைப்பு ஐயா பேரில் இருக்கிறது, விண்ணப்பிப்பவர் நீங்கள், வங்கிக் கணக்கும் உங்களுடையது. இந்த மூன்றும் பொருந்தாமல் விண்ணப்பம் நகராது. சோலார் வேலையைத் தொடங்கும் முன்பே பெயர் மாற்றத்தை முடியுங்கள். வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது, மற்ற பங்காளிகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். பங்காளிகளில் ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் சென்னை என்று இருந்தால் கையெழுத்துக்கே மாதக்கணக்காகும். விசேஷத்துக்கு எல்லோரும் ஊருக்கு வரும் நாளில் தாளைத் தயாராக வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது இணைப்பின் வகை. மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும். வீட்டில் ஒரு பகுதியை விருந்தினர் தங்க வாடகைக்கு விட்டு அதற்கு வணிக இணைப்பு வாங்கியிருந்தால், அந்த மீட்டருக்குக் கிடைக்காது. இரண்டு மீட்டர் இருந்தால் வீட்டு மீட்டரில்தான் சோலார் சேர வேண்டும், ஹீட் பம்பும் அதே மீட்டரில் ஓட வேண்டும்.

மூன்றாவது பேனல். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்தவையாக இருக்க வேண்டும். அதைக் குறிக்கும் டிசிஆர் என்ற சொல் விலைப்புள்ளியில் இருக்கிறதா பாருங்கள். டிசிஆர் அல்லாத பேனல் விலை குறைவு என்பதால் மாற்றிப் போட்டுவிட்டு, மானியம் நிராகரிக்கப்பட்ட பிறகு கை விரிப்பார்கள்.

வரிசை இப்படி: தேசியத் தளத்தில் ஈபி இணைப்பு எண், மொபைல் எண் கொடுத்துப் பதிவு. 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு கிடையாது. பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தைத் தளத்திலேயே தேர்ந்தெடுங்கள். பொருத்தியதும் நெட் மீட்டருக்கு (வாங்கும் கரண்டையும் திருப்பிக் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) விண்ணப்பம், மின்வாரிய ஆய்வு, இயக்கச் சான்று. அதன் பிறகே வங்கி விவரம் பதிவேற்றம். பணம் உங்கள் கணக்குக்கு நேராக வரும். முழு விலையை முதலில் நீங்கள் கட்டியாக வேண்டும், மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதி கொடுத்தால் போதும் என்ற கணக்கில் இறங்கிவிடாதீர்கள். கையில் பணம் இல்லையென்றால் 3 கிலோவாட் வரை ஈடு இல்லாக் கடன் பொதுத்துறை வங்கிகளில் கிடைக்கும்.


வெந்நீர்க் கணக்கு எழுதியது:

அண்ணே, 500 லிட்டர் வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

குளிக்கும் நீர் 40 டிகிரி இருந்தால் போதும். தொட்டியில் 55, குழாய்த் தண்ணீர் 28 என்று வைத்தால், 20 லிட்டர் வாளிக்கு வெந்நீர் 9 லிட்டர்தான் போகும். ஆளுக்கு 2 வாளி என்றால் 18 லிட்டர். 6 பேருக்கு 108, அடுப்படிக்கும் பாத்திரத்துக்கும் 40-50 சேர்த்தால் நாளுக்கு 150-160 லிட்டர். இதைச் சூடாக்க வேண்டிய வெப்பம் 5 யூனிட். தொட்டியிலும் குழாயிலும் வீணாவது 1.5. மொத்தம் 6.5.

இந்த 6.5-ஐ சாதாரண கீசரில் செய்தால் 6.5 யூனிட் கரண்ட். ஹீட் பம்பில் காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்கு ஏற்றுவதால், நம் ஊர் 30 டிகிரி காற்றுக்கு ஒரு யூனிட்டுக்கு 3.5 யூனிட் வெப்பம் என்று பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆக 1.9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 112 யூனிட். லண்டனில் வெளியே 2 டிகிரி குளிரில் அந்தப் பம்ப் திணறித் திணறி எடுக்கும் சூடு, இங்கே சித்திரை வெயிலில் சும்மா கிடக்கிறது. செட்டிநாட்டுக் காற்றுக்கு ஹீட் பம்ப் மிகப் பொருத்தமான கருவி.

அதே 5 யூனிட் வெப்பத்துக்கு கேஸ் கீசரில் நாளுக்கு அரைக் கிலோ எரிவாயு, ஒரு 14.2 கிலோ சிலிண்டர் 4 வாரம். விறகு பாய்லரில் சூட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தால், காய்ந்த சீமைக்கருவேலம் 6 கிலோவுக்கு மேல் ஒரு நாளைக்கு.

கேஸ் கீசரைப் பற்றி ஒன்று. ஹீட் பம்ப் வாங்குகிறீர்களோ இல்லையோ, குளியலறைக்குள் இருக்கும் கேஸ் கீசரை முதலில் கழற்றுங்கள். கதவை மூடிக் குளிக்கும்போது காற்று போதாமல் எரிவாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் மணமும் இல்லை, தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் ஆள் விழுந்துவிடுவார். பழைய வீட்டுக் குளியலறைகளில் உயரத்தில் ஒரே ஒரு சின்னச் சாளரம்தான் இருக்கும், அதையும் குளிருக்கு அடைத்து வைத்திருப்பார்கள்.

அளவுக்கு வருவோம். 200 லிட்டர் தொட்டி, 3 கிலோவாட் வெப்பம் தரும் கம்ப்ரசர். கரண்ட் எடுப்பது 1 கிலோவாட்டுக்குள். சிங்கிள் பேஸே போதும். 40 பேர் வரும் நாளைக்கு இதையே எப்படி ஓட்டுவது? முந்தின இரவு தொட்டியை 65 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள். கலக்கும் தண்ணீர் கூடுவதால் அந்த 200 லிட்டரில் 13 பேர் 2 வாளி குளிக்கலாம். விடியற்காலை 4 முதல் 8 வரை கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தால் இன்னும் 21 பேருக்கு வரும். 34 ஆயிற்று. மீதிக்கு விறகு பாய்லரை அன்று மட்டும் மூட்டுங்கள், அதை இடித்துப் போட்டுவிடாதீர்கள். மார்கழியில் மேல்தொட்டியிலிருந்து வரும் குளிர்நீர் 24-25 டிகிரிக்கு இறங்கும், அப்போது இந்த எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்கு குறையும். வருடத்தில் நாலு நாள் கூட்டத்துக்காக 500 லிட்டர் தொட்டியை 361 நாள் சூடாக வைத்திருப்பது வீண்.

ஓடும் நேரம்: பகல் 12 முதல் 3 வரை டைமர் போடுங்கள். காற்று சூடாக இருக்கும், சோலார் இருந்தால் அந்தக் கரண்ட் அங்கேயே செலவாகும், வோல்டேஜும் நன்றாக இருக்கும். நல்ல தொட்டி மறுநாள் காலை வரை 4-5 டிகிரிக்கு மேல் இறங்காது.

இன்னொன்று மறந்துவிடக் கூடாது. வாரம் ஒரு முறை 60 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வைத்திருங்கள். 50 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், ஷவர் தூறலில் மூச்சோடு உள்ளே போகும். வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் இதை விடவே கூடாது. பல கருவிகளில் இதற்குத் தானியங்கி அமைப்பு இருக்கிறது, பொருத்தும் நாளிலேயே இயக்கிவிடச் சொல்லுங்கள்.


வளவுவீடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 5 குளியலறைக்கும் ஒரே குழாய் இழுத்துவிடலாம் என்று பிளம்பர் சொல்கிறார். கருவியை வளவு முற்றத்து ஓரத்தில் வைக்கலாம், நடுவில் இருப்பதால் எல்லாப் பக்கமும் சமதூரம் என்கிறார். சுவரை வெட்டித்தான் குழாய் போகுமாம். சரியா?


சுண்ணாம்புச் சுவர் எழுதியது:

தம்பி, சுவரை வெட்ட விடாதீர்கள். தயவுசெய்து.

அந்தச் சுவரின் மேல்பூச்சு சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளபளப்பாகத் தேய்த்தது. வெட்டிக் குழாய் வைத்துவிட்டு சிமெண்ட் பூசினால் இரண்டு மழைக்குள் அந்தப் பட்டை உப்பிக் கழன்று விழும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சு விடுகிற சுவர், சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் பக்கத்துப் பூச்சுக்குப் போய் அதையும் கெடுக்கும். சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?

முற்றமும் வேண்டாம். ஹீட் பம்பின் விசிறிச் சத்தம் வெட்டவெளியில் பெரிதாகத் தெரியாது, நான்கு பக்கமும் சுவரும் கல்தூணும் சூழ்ந்த முற்றத்தில் எதிரொலித்துப் பட்டாலைக் கூடத்தில் படுத்திருப்பவர்களைத் தூங்க விடாது. தவிர அது தள்ளுவது குளிர்ந்த காற்று. முற்றத்தின் மூலையில் அந்தக் குளிர்ந்த காற்றே திரும்பத் திரும்ப உள்ளே போனால் சூடு எடுக்க ஒன்றும் இருக்காது, கரண்ட் கூடும்.

அதற்கு இடம் பின்கட்டுக்கு வெளியே, குளியலறைகளும் அடுப்படியும் இருக்கும் பக்கம். அரை அடி உயரக் கல்மேடை. பின்பக்கம் சுவரிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி, காற்று வெளியேறும் பக்கம் குறைந்தது நாலடி திறந்த வெளி. மேலே ஓட்டுச் சாய்ப்பு இருந்தால் நல்லது, பக்கச் சுவர் வேண்டாம். நிரம்பிய 200 லிட்டர் தொட்டி கால் டன்னுக்கு மேல், ஆகவே மச்சுத் தளத்திலோ மரச்சட்டத்திலோ ஏற்ற வேண்டாம். ஹீட் பம்பிலிருந்து தண்ணீர் சொட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஒரு நாளைக்குச் சில லிட்டர் வரும். அது கசிவு அல்ல. ஒரு குழாய் போட்டு வாழைக்குத் திருப்பிவிடுங்கள், சுவர் அடியில் தேங்க விடாதீர்கள்.

அடுத்தது அந்த 5 குளியலறைக்கும் ஒரே குழாய் என்ற யோசனை. பின்கட்டிலிருந்து முகப்புக் குளியலறை வரை 45 மீட்டர் என்று வைத்தால், முக்கால் இஞ்ச் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் நிற்கும் தண்ணீர் மட்டும் 12 லிட்டர். குழாயைத் திறந்து அத்தனையும் ஓடிய பிறகே வெந்நீர் வரும், மூடியதும் அவ்வளவும் குழாயிலேயே ஆறிப்போகும். சுற்றுக்குழாய் போட்டுச் சின்னப் பம்பால் சுழற்றலாம் என்பார்கள். 45 மீட்டர் போக, 45 மீட்டர் வர, உறை போட்டாலும் மீட்டருக்கு 8 வாட் போல வீணாகும், மொத்தம் 700 வாட்டுக்கு மேல். நாள் முழுக்கச் சுழன்றால் 17 யூனிட் வெப்பம். நீங்கள் குளிக்கச் செலவழிப்பதே 5 யூனிட். முகப்புக் குளியலறைக்கு 10 லிட்டர் மின் கீசர் ஒன்று தனியாக வைத்துவிடுங்கள். ஹீட் பம்ப் பின்பக்கம் 4 குளியலறைக்கும் அடுப்படிக்கும் மட்டும்.

குழாய் வெளியோட்டமாக, தாழ்வார ஓட்டுக்கு அடியில், கவ்வியில் போகட்டும். சிபிவிசி அல்லது கம்போசிட் குழாய். சாதாரண வெள்ளை பிவிசி சூட்டில் வளைந்து இணைப்பு விடும், மலிவு என்று அதைப் போடப் பார்ப்பார்கள். 13 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் உறை, வெயில் படும் இடத்தில் அதன் மேல் அலுமினியத் தாள் சுற்று. எலி கடிக்கும் உயரத்தில் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் தகரக் காப்பு.

மேல்தொட்டி ஓட்டு உயரத்தில்தான் இருக்கும். தலைக்கு மேல் 3 மீட்டர் உயரத்துக்கு 0.3 பார் அழுத்தம்தான். வாளிக் குளியலுக்குப் போதும், ஷவருக்குப் போதாது. அழுத்தப் பம்ப் வைப்பதென்றால் குளிர்நீர், வெந்நீர் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் இரண்டையும் கலந்து தரும் மிக்சர் குழாய் வழியாக ஒரு பக்கத் தண்ணீர் மறுபக்கம் ஏறிவிடும். வெந்நீர் திடீரென்று குளிர்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். குளிர்நீர் நுழையும் இடத்தில் தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, தொட்டியில் அழுத்தமும் சூடும் பார்த்துத் திறக்கும் பாதுகாப்பு வால்வு, அதன் வாய் ஆள் நடக்காத பக்கம் கீழ்நோக்கி. அந்த வாயை ஒருபோதும் மூடி போட்டு அடைக்கக் கூடாது. சொட்டுகிறதே என்று அடைத்த தொட்டி வெடிகுண்டுக்குச் சமம்.


சம்பைத் தண்ணி எழுதியது:

பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்ற வரியை யாரும் தொடவில்லை. இந்த ஊரில் ஹீட் பம்பைக் கொல்வது அதுதான்.

முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் செய்து தருவார்கள். கேட்க வேண்டியவை மூன்று: கடினத்தன்மை, மொத்தக் கரைதிடப்பொருள், குளோரைடு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 600 வரை. குடிக்கலாம் என்பதற்காக 500-ஐ வெப்பச் சுருளுக்குள் விடக் கூடாது. சூடேறும்போது கால்சியம் கார்பனேட் சுருளின் மேல் ஓடாகப் படியும், 60 டிகிரிக்கு மேல் போனால் வேகமாகப் படியும். படிந்ததும் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்ப்ரசருக்கே திரும்பும், அழுத்தம் கூடி டிரிப் ஆகும். மெக்கானிக் வந்து கேஸ் குறைந்துவிட்டது என்று கேஸ் ஏற்றுவார், இரண்டு வாரத்தில் மறுபடி நிற்கும். முதலில் சுருளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடினத்தன்மை 300-க்கு மேல் இருந்தால் நுழைவில் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) வையுங்கள். ஹீட் பம்புக்குப் போகும் குழாயில் மட்டும் போதும், வீடு முழுக்க வேண்டாம். 150 லிட்டர்தானே, சின்னது போதும். கல்லுப்பு போட்டு மீளாக்கம் செய்யும் வேலையை யார் செய்வது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், உப்புத் தீர்ந்த சாஃப்ட்னர் வெறும் பீப்பாய்.

அதைவிட நல்லது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நான்கு பக்க ஓட்டு மழையும் முற்றத்தில் விழுந்து வழிந்துபோகும்படிதான் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை வடிகட்டித் தனிச் சம்பில் சேர்த்து, வெந்நீருக்கு மட்டும் பயன்படுத்தினால் படிவுப் பிரச்சினை பெருமளவு போய்விடும். 10,000 லிட்டர் சம்ப் இரண்டு மாத வெந்நீர். முதல் மழைத் தண்ணீரைத் தள்ளிவிட ஒரு திறப்பு மட்டும் அவசியம், ஓட்டில் இருக்கும் புறா எச்சமும் தூசும் அதில்தான் வரும்.

தொட்டி எதில் செய்தது என்று கேளுங்கள். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் “துருப்பிடிக்காது” என்று சொல்லி விற்பார்கள். குளோரைடு 200-க்கு மேல் போனால் சூடான நீரில் அது ஊசிமுனை ஓட்டையாக அரிக்கும், வெல்டிங் ஓரத்தில் தொடங்கும். தேவகோட்டையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போகப் போக இது கூடும். அப்படியிருந்தால் 316 ஸ்டீல் அல்லது உள்ளே கண்ணாடிப் பூச்சு கொண்ட இரும்புத் தொட்டி. கண்ணாடிப் பூச்சுத் தொட்டிக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அது கரைந்து கொடுக்கிறது. வருடம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள், நடுக்கம்பி தெரிந்தால் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டுத்தான் 10 வருடம் வர வேண்டிய தொட்டி 3 வருடத்தில் ஒழுகுகிறது. அரிப்பைத் தடுக்கும் இந்த வித்தையையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் 1953-லிருந்து இருக்கிறது. நம் ஊர்த் தொட்டி மட்டும் கம்பி மாற்றப்படாமல் துருப்பிடித்துச் சாகக் கூடாது.

படிந்துவிட்டால்: சுருளைத் தனியாக மூடிவிட்டு, 5 சதவீத சிட்ரிக் அமிலத்தை, அதாவது 20 லிட்டருக்கு 1 கிலோ, சின்னப் பம்பால் ஒன்றரை மணி நேரம் சுழற்றுங்கள். நுரை நின்றால் படிவு கரைந்துவிட்டது என்று பொருள். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்ற வரும் ஆளை உள்ளே விடாதீர்கள், அது ஸ்டீலையே தின்றுவிடும். இதற்காகப் பொருத்தும்போதே சுருளின் இரு முனையிலும் ஒரு டி இணைப்பும் வால்வும் வைக்கச் சொல்லுங்கள், பிற்பாடு வைப்பது பெரிய வேலை.


கோட்டையூர் மின்வழி எழுதியது:

மேலே வெந்நீர்க் கணக்கு சொன்ன 112 யூனிட்டை உங்கள் 380-உடன் கூட்டினால் 492. இங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால் தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல், 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைக்கும் பாதி விலைச் சலுகையும் போய்விடும். ஹீட் பம்புக்குள் உதவிக்கு, கீசரில் இருப்பது போல நேராகச் சூடேற்றும் ஒரு 1.5 கிலோவாட் ஹீட்டர் கம்பி இருக்கும். அது தானாக இயங்கும்படி விட்டால் பத்து மணி நேரத்திலேயே 15 யூனிட், 507. அந்தக் கம்பியை அமைப்பில் அணைத்துவையுங்கள், விசேஷ நாளுக்கும் வாராந்திர 60 டிகிரிக்கும் தேவைப்பட்டால் மட்டும். முகப்பு கீசரையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள்.

சோலார் சேர்ந்தால் இந்தப் பயம் இல்லை. இங்கே 1 கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட். 2 கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 480. உங்களுக்கு 2 கிலோவாட்டே போதும், 60,000 ரூபாய் மானியம். ஏசி வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 3. ஐப்பசியில் குறையும், பங்குனியில் கூடும், நெட் மீட்டரில் மிச்சம் அடுத்த கணக்குக்குப் போகும்.

பேனலை ஓட்டில் வைக்க முடியாது. பின்கட்டு மொட்டைமாடியில் 200 சதுர அடி வெயில் படும் இடம் வேண்டும். பழைய சுர்க்கித் (சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த) தளத்தில் போல்ட் போடத் துளையிட்டால் அடுத்த மழைக்கே கீழே ஒழுகும், ஆகவே கான்கிரீட் கட்டை எடை வைத்து நிறுத்தும் சட்டம் கேளுங்கள். எடை எவ்வளவு என்பதற்குக் காற்றுக் கணக்கு எழுதித் தர வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை, சிவகங்கை வரை வந்து போனதை மறந்துவிட்டுச் சட்டம் அடிக்கிறார்கள். அந்த எடையைத் தளம் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டு ஏற்றுங்கள்.

கரண்ட் லைனும் புதிதாக இழுக்க வேண்டும். தேக்குப் பட்டையில் ஓடும் பழைய வயரில் ஹீட் பம்பைச் சொருகாதீர்கள். மீட்டரிலிருந்து பின்கட்டு வரை 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், கரண்ட் கூடினால் அணையும் 16 ஆம்பியர் சி வகை எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, பின்கட்டிலேயே தனி எர்த். சாயங்காலம் 180 வோல்ட்டுக்கு இறங்கும் தெரு என்றால் பகலில் மட்டும் ஓட்டுங்கள், அப்படியும் இறங்கினால் 3 கேவிஏ ஸ்டெபிலைசர். கரண்ட் போய் வந்ததும் கம்ப்ரசர் உடனே கிளம்பாமல் 3 நிமிடம் தாமதிக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். பலகைப் பெட்டியின் வயர் ஓட்டைகளைச் சிலிகானால் அடைத்துவிடுங்கள். சூட்டுக்குப் பல்லி உள்ளே போய்க் கான்டாக்டர் என்ற சுவிட்சில் நசுங்கி, பலகையே எரிந்துபோவது இங்கே அடிக்கடி நடக்கிறது.


வளவுவீடு எழுதியது:

பெயர் மாற்றம், தண்ணீர்ப் பரிசோதனை இரண்டையும் முதலில் தொடங்குகிறேன். கேஸ் கீசர் இரண்டையும் கழற்றச் சொல்லிவிட்டேன். ஹீட் பம்புக்குள் சுழலும் குளிர்வாயு எந்த வகை கேட்பது?


வெந்நீர்க் கணக்கு எழுதியது:

134ஏ, 32, 290 என்று மூன்றும் கிடைக்கும். 134ஏ 60 டிகிரிக்கு மேல் சிரமமில்லாமல் ஏறும், காரைக்குடியில் எந்த ஏசி மெக்கானிக்கிடமும் இருக்கும். 32 வேலை நன்றாகச் செய்யும், லேசாகத் தீப்பற்றும் வகை. 290 என்பது புரொப்பேன், சூழலுக்கு நல்லது, கரண்டும் குறைவாக எடுக்கும், ஆனால் எரியும் வாயு. உங்கள் அடுப்படியும் விறகு பாய்லரும் அதே பக்கம் இருப்பதால் 290 வேண்டாம். 134ஏ எடுங்கள், விறகு பாய்லரிலிருந்து 10 அடியாவது தள்ளி, புகை படாத பக்கம். சாம்பல் தூசு விசிறித் தகட்டில் அடைந்தால் சூடு எடுப்பது குறையும். மாதம் ஒரு முறை மெல்லிய தூரிகையால் தட்டி, தண்ணீரை லேசாகத் தெளித்துக் கழுவிவிடுங்கள், அழுத்தப் பம்பால் அடித்தால் தகடு மடங்கிவிடும்.